ஆடு தின்ற தழை

விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் போர்ட்டராக இருந்த ராயப்பனின் இடுப்பில் எப்போதும் ஒரு கோணி ஊசி இருக்கும். மூட்டையின் வாய்த் தையலை நாலு விரல் அளவுக்குப் பிரிப்பான், ஒரு கைப்பிடி எடுப்பான், பிரித்தது தெரியாமல் தைத்துவிடுவான். மல்லாட்டைக் கடலையோ மிளகாயோ, எதுவானாலும் ஒரே ஒரு பிடிதான். இரண்டாவது பிடிக்கு அவன் கை நீண்டதில்லை. இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பொல்லாத கோபம் வரும். மூட்டைக்கு ஒரு பிடி என்பது அங்கே எல்லாப் போர்ட்டர்களுக்கும் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன் அவன். வருஷத்துக்கு ஒருமுறை சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இந்தப் பிடிகள் அவன் நினைவுக்கு வந்ததில்லை.

1936-ஆம் வருஷம் சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் அஞ்சம்மாள் ஒரு மூட்டையோடு பார்சல் ஆபீசுக்கு வந்தாள். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்துக்காரி. நாற்பது வயசிருக்கும். மூட்டு வீங்கி நடக்க முடியாமல் வருகிறவர்களுக்குத் தன் கொல்லையில் நின்ற வாதநாராயண மரத்துத் தழையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவாள். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. மாட்டு வண்டியில் வந்து இறங்கியவர்கள் நடந்து ஊர் திரும்பினார்கள் என்று அந்த வட்டாரம் முழுக்கப் பேச்சு.

அந்தப் பேச்சு சென்னை வரைக்கும் போயிருந்தது. அங்கே ஒரு சோதனைச்சாலையில் வேலை பார்த்த டாக்டர் கிருஷ்ணசாமியின் மாமனாருக்கு முழங்கால் வீக்கத்தைத் தீர்த்தவள் அஞ்சம்மாள்தான். நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்த அந்த டாக்டர், தழையைக் காயவைத்து ஒரு மூட்டை அனுப்பும்படி அவளுக்கு எழுதியிருந்தார். பலன் தெரிந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே கொடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

"பத்தரமா அனுப்புப்பா. ஒம்போது நாள் நெழல்லயே காய வெச்சது, வெயில் பட்டா சத்து போயிடும்" என்றாள் அஞ்சம்மாள். "முயலுக்குக் கால வீங்க வெச்சு, இந்தச் சாறு குடுத்து, வீக்கம் வடியுதான்னு தெனமும் அளந்து பாப்பாங்களாம். இது தேறிட்டா ஏழைபாழைங்க எங்க ஊருக்கு அலைய வேணாம் பாரு."

"எங்கையில குடுத்துட்டீங்க இல்ல? கவலய வுடுங்கம்மா" என்றான் ராயப்பன்.

அவன் வீட்டில் பெண்டாட்டி சவுரியம்மாளுக்கு இரண்டு மாதமாக மணிக்கட்டும் விரல்களும் வீங்கியிருந்தன. புடவை பிழிய முடியாது, கேப்பைக் களி கிளற முடியாது. அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் தினமும் டூட்டிக்கு வருவான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அஞ்சம்மாள் அங்கேயே மூட்டையைப் பிரித்துக் கொடுத்திருப்பாள். எடுத்தே பழகிய கைக்குக் கேட்டு வாங்குவது கூச்சமாக இருந்தது.

மத்தியானம் ஷெட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தையலைப் பிரித்தான். பெண்டாட்டிக்கு என்பதால் இரண்டாவது பிடியும் எடுத்தான். தைப்பதற்குள் புதுச்சேரி வண்டி வந்து நின்றது, கிளார்க் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார். ஓடிப்போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பிரிந்த தையலை முட்டிக் கிழித்து, மூட்டைக்குள் கழுத்து வரைக்கும் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஆடு நின்றது. யாருடைய ஆடு? அவனுடையதேதான். ஷெட்டில் சிந்துகிற தவிட்டைத் தின்னட்டும் என்று அவன்தான் தினமும் ஓட்டி வந்து கட்டுவான். அன்றைக்கு முடிச்சு சரியாக விழவில்லை. தின்றது பாதி என்றால் மிதித்தும் மூத்திரம் பெய்தும் பாழாக்கியது மீதி.

பார்சலைப் பிரித்தது தெரிந்தால் வேலை போய்விடும், போலீசும் வரும். ஸ்டேஷன் ஓரத்தில் மயில்கொன்றை மரங்கள் நின்றன. காய்ந்து உதிர்ந்துவிட்டால் அதன் இலைக்கும் வாதநாராயணன் இலைக்கும் பார்வையில் பேதம் தெரியாது. கிளைகளை ஒடித்து ஷெட்டின் தகரக் கூரைமேல் பரப்பினான். சித்திரை வெயிலில் ஒரே நாளில் சருகாகிவிட்டது. மூட்டையை ரொப்பி, தைத்து, மறுநாள் சாயங்கால வண்டியில் ஏற்றினான். தழைக்குத் தழை சரியாகப் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆட்டை மட்டும் ஓங்கி ஓர் உதை உதைத்தான்.

எடுத்து வந்த இரண்டு பிடியை வெந்நீரில் ஊறவைத்து விளக்கெண்ணெயில் வதக்கிச் சவுரியம்மாளுக்குக் கட்டினான். ஐந்தாம் நாள் விரல் மடங்கியது. பத்தாம் நாள் அவள் களி கிளறினாள். "திருவெண்ணெய்நல்லூர் அஞ்சம்மா குடுத்தாங்க" என்று சொல்லிவைத்தான். அவளும் முகம் தெரியாத அந்த அம்மாளுக்காகத் தினமும் ஜெபம் செய்தாள்.

மார்கழியில் அஞ்சம்மாள் மறுபடி வந்தாள். கையில் டாக்டரின் கடிதம். மூன்று முறை சோதித்தும் அந்தத் தழைக்கு வலியையோ வீக்கத்தையோ குறைக்கும் சக்தி இருப்பதாகத் தெரியவில்லை, தன் மாமனாருக்குத் தானாகவே குணமாகியிருக்க வேண்டும், நம்பி வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே நல்லது என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. வந்த சருகை அவர் நேர்மையாகவே சோதித்திருந்தார்.

"ஏம்பா, நீதான மூட்டைய ஏத்தன? வழியில மழையில கிழையில நனைஞ்சுதா? வேற இன்னாச்சும் ஆச்சா?" என்று கேட்டாள்.

"இல்லிங்கம்மா. நீங்க குடுத்தபடியே போச்சு."

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு. உன்னத்தான் நம்பி வந்துகிறேன்."

"மாதா மேல சத்தியமா, குடுத்தபடியே போச்சுங்க."

அஞ்சம்மாள் கடிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்தாள். "அப்போ தழை மேலதான் குத்தம். இத்தினி வருசமா தெரியாமலே ஜனங்கள ஏமாத்திக்கினு இருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் சோறு உள்ளே இறங்க வேண்டுமே! அந்தக் கிறிஸ்துமசுக்கு ஆட்டை அடித்துக் குழம்பு வைத்தார்கள். ராயப்பனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சென்னைச் சோதனைச்சாலை இல்லை என்கிறது, அவன் வீட்டு அடுப்பங்கரை உண்டு என்கிறது. இரண்டும் தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான். ஈஸ்டருக்கு ஈஸ்டர் சாமியாரிடம் போய் மண்டியிட்டு, "ரெண்டு பிடி தழை திருடிட்டேன் சாமி" என்பான். சாமியாரும் பரிகாரமாக மூன்று தடவை பரலோக மந்திர ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்புவார். ஆட்டையும் மயில்கொன்றையையும் சத்தியத்தையும் அவன் வாய் சொல்லாது. பிறகு எந்த மூட்டையையும் அவன் பிரிக்கவில்லை. கோணி ஊசியைக் கிணற்றில் போட்டுவிட்டான். குற்றமுள்ள நெஞ்சை எந்தக் கிணற்றில் போடுவது?

1941-இல் அவனைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். மூன்று வருஷம் கழித்துச் சவுரியம்மாளின் கை மறுபடி வீங்கியது. அவன் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், அவன் டூட்டிக்குப் போன நேரத்தில் ரயிலும் பஸ்ஸும் ஏறி அஞ்சம்மாளைத் தேடிப் போய்விட்டு வந்தாள். வெறுங்கையோடு வந்தாள்.

"ஏன்யா, அந்தம்மா எனக்குத் தழை குடுத்ததே இல்லியாம். எட்டு வருசமா யாருக்குமே குடுக்கறதில்லியாம். சோதனையில தோத்துப்போன தழைன்றாங்க. இந்தக் கை ஆறுனது பொய்யா? நீ எங்கேருந்து கொண்டாந்த?"

ராயப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சவுரியம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்காக எடுத்துட்டு, என்னையும் இல்ல பாவத்துல கூட்டு சேத்துட்ட" என்றாள். "நாளைக்கே போறோம்."

மறுநாள் அஞ்சம்மாள் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றார்கள். தெருப்பக்கம் போகிற வழக்கம் அவர்கள் சாதி ஜனங்களுக்கு அப்போது இல்லை. வாதநாராயண மரம் அங்கேதான் நின்றது. எட்டுகிற கிளையெல்லாம் மொட்டையாக இருந்தது. "ஆட்டுக்குத்தான் ஒடிச்சுப் போடறோம், வேற எதுக்கு ஆவுது?" என்றாள் அஞ்சம்மாள். அதைக் கேட்டதும் ராயப்பன் மண்ணில் விழுந்துவிட்டான். விழுந்தபடியே சொன்னான்.

அஞ்சம்மாள் கத்தவில்லை. துரட்டியை எடுத்து மேல் கிளையிலிருந்து இரண்டு கொத்து இழுத்து ஒடித்துச் சவுரியம்மாளிடம் கொடுத்தாள். பிறகுதான் ராயப்பன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டேனேப்பா. உன் வாயால சொல்லச் சொல்லிக் கேட்டேனே. எங்க ஊரு பச்சமுத்து கை வீங்கி மூணு தபா வந்தான். போய்யா, ஆஸ்பத்திரிக்குப் போன்னு தொரத்திட்டேன். அவன் எங்க போவான்? கரும்பு வெட்டுற கை. இப்ப சோத்தக்கூட பெண்டாட்டிதான் ஊட்டுறா. இன்னும் எத்தினி பேரோ."

"நான் இன்னா செய்யணும் சொல்லுங்கம்மா."

"தழைய எடுத்துக்கினு போய் அவனுக்கு நீயே கட்டு. நீ செஞ்சத நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

டாக்டருக்கு ஆள் வைத்து ஒரு கடிதம் எழுதினாள் அஞ்சம்மாள். அவர் யுத்தத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லி அது திரும்பி வந்தது. சோதனைச்சாலைக் காகிதத்தில் தழை தோற்றது தோற்றதுதான்.

ராயப்பன் வாராவாரம் ஓய்வு நாளில் பச்சைமுத்துவின் வீட்டுக்குப் போனான். தழையை வதக்கி, சூடு பார்த்து, மடங்கிப்போன விரல்களின்மேல் வைத்துக் கட்டினான். சவுரியம்மாளின் கை பத்தே நாளில் சரியாயிற்று. பச்சைமுத்துவுக்கு வலி குறைந்தது, தூக்கம் வந்தது. விரல்கள் மட்டும் நிமிரவில்லை. எட்டு வருஷம் முற்றிவிட்டது. ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் சவுரியம்மாள் வாசலிலேயே கேட்பாள்: "சொன்னியா?"

"அடுத்த வாரம்."

ஏழாவது வாரம் கட்டு முடிந்ததும் பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த புள்ளைங்ககூட எட்டிப் பாக்கறதில்ல தம்பி. நீ யாரு, எவுரு? திண்டிவனத்துலேருந்து ரயிலு புடிச்சு வந்து என் கையப் புடிச்சிக்கினு உக்காந்துகிறியே. நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லி இரண்டு கைகளையும் தூக்கி அவனைக் கும்பிடப் பார்த்தான். மடங்கிய விரல்கள் ஒன்றோடொன்று முட்டின. உள்ளங்கைகள் சேரவில்லை. சேர்க்கலாம் என்று மறுபடியும் முயன்றான்.

ராயப்பன் அந்தக் கைகளைப் பிடித்து மெல்ல இறக்கி, அவன் மடியில் வைத்தான்.

"அண்ணே" என்றான். "எங்கிட்ட ஒரு ஆடு இருந்துச்சுண்ணே."