முட்டைப் பத்து வாடை

ஒத்தக்கடை ஜிம்மில் பக்கத்து ஆள் பச்சை முட்டையை உடைத்துக் குடித்தார். அந்த வாடை என்னைத் தொட்ட நேரம் மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எடை தூக்குறதுக்கு முன்னாடி ஒடம்ப ரொம்ப நேரம் இழுத்துப் பிடிக்காதீங்கண்ணே. கைகால வீசிச் சூடேத்துனாப் போதும். நீட்டி இழுக்குறதெல்லாம் முடிச்ச பெறகு, வலிக்காத அளவுக்கு."

அந்தக் காலத்தில் அவனியாபுரத்தில் என் அண்ணனுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ஜல்லிக்கட்டில் மாடு பிடிப்பதற்காக, சிமெண்டு ஊற்றிய டின்களை முற்றத்தில் தூக்கிப் பழகுவான். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், ஒரு காலைத் தூக்கிச் சன்னல் திட்டில் போட்டு வலிக்க வலிக்க இழுத்துவிட்டு டின்னைத் தூக்கினான். தொடை பிடித்துக்கொண்டது.

அம்மா உளுந்து மாவில் முட்டை வெள்ளையைக் குழைத்துப் பத்துப் போட்டாள்.

"நாளைக்குள்ள சரியாயிருமாம்மா?" என்றான்.

"மெதுவா ஆகட்டும்ப்பா."

மறுநாள் அண்ணன் மாடு பிடிக்கப் போகவில்லை; வாடிவாசல் இரைச்சல் வீடுவரை கேட்டது. வருடாவருடம் அந்தச் சத்தத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவன் திரும்பும்வரை வாசலில் நிற்கும் அம்மா, அன்று எங்கள் நடுவில் உட்கார்ந்து கரும்பு கடித்தாள். வீடெல்லாம் முட்டைப் பத்து வாடை.

அம்மா இப்போது இல்லை.

"என்னண்ணே, எங்கயும் பிடிச்சிருச்சா?" என்றார் மாஸ்டர்.

"இல்ல தம்பி" என்றேன். பக்கத்து ஆள் இரண்டாவது முட்டையை எடுத்தார். நான் அந்த வாடையை விட்டு நகராமல் நின்றேன்.