ஸ்டெபிலைசர் கம்பியும் ஒரு மணல்மேடும்

போன ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரில் பெட்ரோல் போட நின்றிருந்தேன். பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. வந்ததுமே அந்த வாடை, கிளட்ச் கருகிய வாடை. உங்களுக்குத் தெரியாதென்றால் தெரியாமலே இருங்கள். தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மத்தியானச் சோற்றைக்கூட இறங்கவிடாது. டயரெல்லாம் கடற்கரை மணல். "ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீறீங்க?" என்றாள் மனைவி. என் மூஞ்சியே அப்படித்தான் என்று சமாளித்தேன்.

அந்த வாடையில்தான் என் முதல் வேலை. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், உப்பளத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. டிப்ளமா முடித்த மிதப்பில் போனவனுக்கு முதலாளி கொடுத்த முதல் பொறுப்பு டீ வாங்கி வருவது. அதையும் சர்க்கரை போட்டது எது, போடாதது எது என்று குழப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூட வேலை பார்த்தவன் அந்தோணி. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். கடலுக்குப் போனால் வாந்தி வரும் என்பதால் ஸ்பேனர் பிடிக்க வந்தவன். அதற்காக அவன் அண்ணன்மார் செய்யாத கேலியில்லை.

சனிக்கிழமை என்றால் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து ஜீப்புகள் வரிசைகட்டும். எல்லோருக்கும் ஒரே வேலை, 'ஸ்வே பாரைக் கழற்று'. நாங்கள் ஸ்டெபிலைசர் கம்பி என்போம். முன்சக்கரங்கள் இரண்டையும் கோக்கிற வளைந்த இரும்பு அது. திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். கழற்றிவிட்டால் சக்கரங்கள் தன்போக்கில் ஏறி இறங்கும், மணல்மேட்டில் விளையாடலாம். விளையாடி முடித்ததும் திரும்ப மாட்டிக்கொண்டுதான் ரோட்டில் ஓட்ட வேண்டும். எவன் வந்தான்? மாமல்லபுரம் ரோட்டில் ஆடிக்கொண்டே போவார்கள். கம்பிகள் கொட்டகையில் குவியும். ஒன்றில் முதலாளி லுங்கி காயப்போட்டார், இன்னொன்று கதவுக்கு முட்டு. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஓட்டுகிறவனுக்கு இல்லாத கவலையைச் சாமி படட்டும்.

கழற்றிய கம்பியைத் தோளில் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்வது வேறு. ஏதோ புலியைச் சுட்டுவிட்ட நினைப்பு.

அவர்கள் ஏறிய மேடு அந்தோணியின் குப்பத்துக்கு முன்னால் இருந்தது. அவன் வீடு அதற்கு நேர் பின்னால். புயல் நாளில் கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே அந்த மேடு ஒன்றுதான். மேலெல்லாம் அடம்புக்கொடி படர்ந்து, ஊதாப் பூ பூத்து, மணலை இறுக்கிப் பிடித்திருக்கும்.

"நாமளே கயட்டி வுட்டு, நம்ம வூட்டு மேலயே ஏற வுடறோம், மச்சான்" என்பான் அந்தோணி. முதலாளியிடமும் சொல்லிப் பார்த்தான். "நாம கயட்டலன்னா பக்கத்து ஷெட்டுல கயட்டிக்கப் போறான். வேலையப் பாரு" என்றார்.

அதனால் ஒரு சனிக்கிழமை அவன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனரால் தட்டித் தட்டிச் சத்தம் மட்டும் எழுப்பினான். ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. குவியலிலிருந்து பழைய கம்பி ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினான். வண்டிக்காரன் படம் எடுத்துக்கொண்டான். வாசலைத் தாண்டுவதற்குள் தலையை வெளியே நீட்டி, "ப்ரோ, செம டிஃபரன்ஸ்!" என்றான். நான் டீ கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"கம்பி கீற வரிக்கும் மேடு ஏறாது. பாதியில நின்னுடும், பாரு" என்றான் அந்தோணி.

நின்றது. மறுநாள் காலை நானும் அவனும் போய்ப் பார்த்தோம். ஒரு சக்கரம் அந்தரத்தில், மற்றவை மணலில், கிளட்ச் கருகிப் புகை. அந்தோணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டியில் இருந்தவர்கள் இறங்கினார்கள். திரும்பிப் போய்விடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அடம்புக்கொடியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். வேரோடு, கை கையாக, டயருக்கு அடியில் திணிப்பதற்கு. அந்தோணி ஓடினான்.

"யோவ், கொடியப் புடுங்காதய்யா, மண்ணு நிக்காது!"

"செடிதானே ப்ரோ, திரும்ப வளரும்" என்றான் ஒருவன், வாயில் பிஸ்கட்டோடு.

ஏறிவிட்டார்கள். மேலே நின்று கைதட்டினார்கள். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்கு பாவம், அது கைதட்டாது. அந்த வித்தை அடுத்த வாரமே எல்லா ஜீப்புக்கும் பரவியது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்தோணி ஒழுங்காகவே கம்பியைக் கழற்றினான், கழற்றினாலாவது கொடி தப்பும் என்று. தப்பவில்லை. சிக்கினாலும் சிக்காவிட்டாலும் பிடுங்கிப் போடுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கொடி போன இடத்தில் மணலைக் காற்று கொண்டுபோனது. மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொண்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அந்தோணி கேளம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கொஞ்ச நாள் முன்பு இருவரும் அந்தப் பக்கம் போனோம். கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் இறங்கி, "அண்ணா, இங்க ஒரு பெரிய மணல்மேடு இருக்குமே, எங்க?" என்றார்.

அந்தோணி கையை நீட்டினான். "தோ, அல உடையுதே, அது எங்க வூட்டு அடுப்பாங்கர. மேடு அதுக்கும் அந்தாண்ட கீது."

அவர் கண்ணாடியைக் கழற்றி அலையைப் பார்த்தார்.

"ஓ" என்றார். "பக்கத்துல வேற ஏதாவது மேடு இருக்கா?"