கழன்ற மூட்டு அவனுக்கு

நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே நாளில்தான் திருவள்ளூரில் அந்தக் காது டாக்டரிடம் போனோம். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஃபோர்ஜிங் ஷாப்பில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பை மெஷின் அடித்து உருவாக்கும் சத்தத்திலேயே என் வயது போயிற்று, காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவன் விஷயம் வேறு. மழையில் பைக்கை விரட்டி வந்து ஆரம்பாக்கம் பக்கம் சறுக்கி விழுந்தான். தலைக்காயம் ஆறிவிட்டது. வலது காது மட்டும் அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

டாக்டரம்மா பிளாஸ்டிக் காது ஒன்றைத் திறந்து காட்டினார்.

"செவிப்பறைக்குப் பின்னாடி மூணு குட்டி எலும்பு. சுத்தி, பட்டடை, அங்கவடி. பட்டடையோட நுனி அங்கவடி மேல உட்கார்ற இடத்துல ஒரு மூட்டு இருக்கு. கடுகளவுதான். சத்தம் அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். தம்பி விழுந்ததுல அது கழண்டிருக்கு."

"சரி பண்ணலாமா மேடம்?" என்றாள் என் மனைவி.

"பண்ணலாம். சின்ன ஆபரேஷன்தான்."

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "உங்க மூட்டெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. அதுக்கு உள்ள, சத்தத்தை வாங்குற நரம்புதான் கெட்டுப்போச்சு. இதுக்கு ஆபரேஷன் கிடையாது. காதுல மெஷின் வெச்சுக்குங்க."

நல்ல மூட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டி விழுந்தவனுக்கு ஒட்டவைக்கிற மாதிரி உடைந்திருக்கிறது. ஒழுங்காக வேலைக்குப் போனவனுக்கு ஒட்டவே முடியாதது போயிருக்கிறது. பஸ்ஸில் வீடு வரைக்கும் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டிலேயே தங்கினான். காதுப் பஞ்சை எடுத்த அன்று சாயங்காலம் திடீரென்று எழுந்து நின்றான்.

"அக்கா, குக்கர்ல ஆவி வுடுது, கேக்குது!"

அவள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்காக அவள் அப்படி அழுததில்லை. எனக்கு ஒரே நாளில் போகவில்லையே, அழுவதற்கு.

வேகமாகத் தும்மினால் மூட்டு மறுபடி நகரலாம், வாயைத் திறந்துகொண்டுதான் தும்ம வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் மிளகாய் வறுத்த நெடியில் வாயை மூடிக்கொண்டே பலமாகத் தும்மிவிட்டான். அவன் கையைக் காதருகே கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி கழன்று போகட்டும் என்றுதான் மனம் நினைத்தது.

"இன்னா மாமா அப்டி பாக்குற? நல்லாத்தான் கேக்குது" என்று சிரித்தான்.

அதைவிட அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. அடுக்களையில் அக்காவும் தம்பியும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். "இன்னா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லய்யா!" என்று அவள் கத்துவாள். என்னிடம் யாரும் மெதுவாகப் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

கடைசியில் மெஷின் வாங்கினேன். மாட்டிக்கொண்டதும் தட்டு, டம்ளர், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒன்றாகக் காதில் வந்து விழுந்தன. அவள் பழக்கதோஷத்தில் கத்தினாள்.

"கத்தாதே. இப்ப கேக்குது."

"நெசமாவா?" என்றாள். நம்பாமல் என் எதிரே உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னாள். குரல் வந்தது. வார்த்தை வரவில்லை.

நான் யோசிப்பதற்குள், அடுத்த அறையில் படுத்திருந்த அவன் வாய்விட்டுச் சிரித்தான். கதவு பாதி மூடியிருந்தது. அங்கிருந்தே அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"இன்னா சொன்னே?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் நெருங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு கீறன்னு சொன்னேன்யா!"

குனிந்து பார்த்தேன். ஆமாம். அவளும் சிரித்தாள். சட்டையைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன். பிறகு எழுந்துபோய் அந்த அறைக் கதவை முழுவதுமாகச் சாத்திவிட்டு வந்தேன்.