ஒன்பதா, ஏழா

படகுக்கு மோட்டார் வாங்கிய புதிதில், என் வீட்டுக்காரர் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டு ஏரியில் ஒரு சுற்று வந்தார். படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. ஒல்லாந்தர் கல்லறைப் பக்கத்து மரங்கள் பச்சைக் கோடாக ஓடின. கல்யாணமாகி வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் எங்கள் பிழைப்பு வேறு. தீவுக் குப்பங்களிலிருந்து இறாலும் நண்டும் கொண்டுவரும் பெண்களைக் கூடையோடு ஏற்றி இறக்க வேண்டும். படகு நிறைந்ததும் மோட்டார் முக்கியது. கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் வேகம் எழவில்லை, புகைதான் வந்தது.

மெக்கானிக் தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லரைத் தடவிப் பார்த்தார். "இது ஒன்பது பிட்ச், பாய். ஒரு சுத்துக்கு ஒன்பது இஞ்சு முன்னால தள்ளப் பாக்குது. ஆளுங்க ஏறினா மோட்டாரால முடியல. ஏழு தர்றேன், போட்டுப் பாருங்க. எது வேணாமோ அதைக் குடுத்துடுங்க."

பாரம் ஏற்றிப் பார்க்க இவர் மணல் மூட்டை தேடினார். இவருடைய அக்கா விடவில்லை. "மூட்டை இன்னாத்துக்குடா? நாங்க இல்ல?" என்று தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து ஏறிவிட்டார்.

ஒன்பதோடு நடு ஏரிவரை திணறிப் போனோம். அங்கேயும் ஏரி ஆழமில்லை; இவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மோட்டாரைச் சாய்த்து, ஏழு இஞ்சு புரொப்பல்லரை மாட்டத் தொடங்கினார். மோட்டார் ஓய்ந்ததும் எங்கள் பேச்சும் ஓய்ந்தது. வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பு. எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. படகு தானாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாத்தனார் கையைத் தண்ணீரில் அளையவிட்டபடி, "இப்படியே இருந்துடலாம்னு இருக்கு" என்றார், யாரிடமோ.

மறுபடி கிளம்பியபோது மோட்டார் திணறவே இல்லை. அத்தனை பேரையும் சுமந்துகொண்டு படகு நிதானமாக நகர்ந்தது. தூங்கியவள் விழிக்கவுமில்லை.

எல்லாரும் இறங்கிய பின் வெறும் படகை ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் வீணாகக் கத்தியதே தவிர, பழைய பறத்தல் இல்லை. இவர் முகம் வாடிவிட்டது. கரையில் உட்கார்ந்து, கழற்றிய ஒன்பதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா சொல்ற?"

எனக்கும் மனசு ஒன்பதின் பக்கம்தான் இருந்தது. ஆனாலும், "ஆளில்லாம எங்க போவப் போறீங்க?" என்றேன்.

இவர் எழுந்து ஒன்பதை மெக்கானிக்கிடம் கொடுக்கப் போனார்.

கூடைக்காரப் பெண்கள் எங்கள் படகுக்கென்றே காத்திருக்க ஆரம்பித்தார்கள். கடைசிச் சவாரியை இறக்கிவிட்டுச் சில மாலைகளில் நாங்கள் இருவர் மட்டும் திரும்புவோம். இவர் கைப்பிடியைப் பாதிக்கு மேல் திருகமாட்டார். கூரை ஒழுகுவதையும் மீன் விலையையும் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டே வருவார். நான் பாதிக் கண் மூடி, 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன்.