கதவுக்கு வெளியே நின்றவள்

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடையாறில் ஒரு சின்ன அரங்கத்தில் என் மகளின் நடனம். கடை ஷட்டரைப் பாதி நாளில் இறக்கிவிட்டு, நானும் என் மனைவியும் மந்தைவெளி வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி.நகரில் கடையை மூடுகிறவனுக்கு ஒன்று கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லை பெண்ணைப் பெற்றிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் உண்டு.

எனக்கு இருப்பது ஒரு மேட்சிங் சென்டர். புடவைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் விற்கிற கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே காலூன்றியவர்களில் நானும் ஒருத்தன். மகள் ஆடுவது பரதநாட்டியம் என்றால் சொந்தக்காரர்களிடம் கெத்தாகச் சொல்லிக்கொள்ளலாம். இவள் ஆடுவதோ கன்டெம்பரரி. சலங்கை கிடையாது, நகை கிடையாது, தரையில் உருளுவார்கள். “என்ன மாமா, பிள்ள தரையக் கூட்டுதா?” என்று என் மச்சினன் ஒருமுறை கேட்டான். அன்றைய நடனத்தை அவளே அமைத்திருந்தாள். மனநலம் பற்றியது என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களாகவே எனக்கு மனசு சரியில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கடன் இல்லை, குடி இல்லை, வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ஆனாலும் காலையில் கண் விழித்தாலே, ஐயோ விடிந்துவிட்டதே என்றிருக்கும். படுக்கும்போது, இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்றிருக்கும். வெளியே சொன்னால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே வார்த்தைதான், கோட்டி, அதாவது பைத்தியம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் குளியலறைக்குள் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிற சத்தத்தில் அழுது தீர்ப்பேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன். “லாரித் தண்ணிங்க அது! குளிக்கியளா, குளம் வெட்டுதியளா?” என்று மனைவி அடுக்களையிலிருந்து கத்துவாள். தண்ணீரை வீணாக்குகிற மனுஷன் என்ற கெட்ட பெயரோடு நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அரங்கத்தில் விளக்கு அணைந்தது. மேடைக்கு ஓர் இளைஞன் வந்தான், கையில் ஒரு துண்டுத் துணி. அதை விரித்துப் பிடித்தபடி மேடை ஓரத்து வெளிச்சத்துக்குப் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். எங்கள் கடையின் ட்யூப்லைட்டில் ஒரு பச்சை, வெயிலில் வேறு பச்சை. அதனால் நாங்கள் வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் பொருத்தம் பார்ப்போம். அப்புறம் அவன் துணியின் முனையில் ஒரு வெட்டு, சர்ரென்று ஒரு கிழி. என் மனைவிக்கு ஒரே பூரிப்பு. “ஏங்க, அப்படியே உங்கள மாதிரி ஆடுதான் பாருங்க!” என்று முழங்கையால் இடித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் போகப்போக அவன் ஆட்டம் மந்தமானது. துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனவன் திரும்பவே இல்லை, அங்கேயே நின்றுவிட்டான். மற்றவர்கள் வாடிக்கையாளர்களாக வந்து தோளைத் தொட்டுத் திருப்பினார்கள். திரும்பிச் சிரித்தான், மறுபடி நின்றான். அடுத்து மேடையில் ஒரு கதவு வந்தது. கறுப்புத் துணி கட்டிய மரச்சட்டம்தான். அவன் அதற்குப் பின்னால் போய் மறைந்தான். இசை நின்றது. ஸ்பீக்கரில் தண்ணீர்ச் சத்தம். வாளியில் விழுந்து, நிரம்பி, வழிகிற சத்தம்.

நான் மனைவி பக்கம் திரும்பாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மகள் மேடைக்கு வந்தாள். தோளில் காலேஜ் பை. வேகமாக வந்தவள் கதவருகே நின்று, அதில் காதை வைத்தாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள், தட்டவில்லை. போகலாம் என்று காலெடுத்தாள், திரும்பி வந்தாள். மறுபடி காதை வைத்தாள். உடம்பெல்லாம் நடுங்குகிறது, சத்தம் வந்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான் அவள் ஆட்டம். தண்ணீர் நின்றதும் பையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஓடினாள். மேடையில் அடுத்த நாள் காலை வந்தது. மறுபடி தண்ணீர், மறுபடி அவள். கடைசியில் தண்ணீர் நிற்காமலே விளக்கு அணைந்தது.

கைதட்டல் ஓயவே இல்லை. நான் அதுவரை அது என்னைப் பற்றிய நடனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது அவளைப் பற்றியது. பக்கத்தில் என் மனைவி கைதட்டவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிவிட்டாளே! எழுந்து வெளியே வந்துவிட்டேன். “இன்னா சார், அதுக்குள்ள முடிஞ்சிச்சா? டான்ஸு நல்லா இருந்துச்சா?” என்றார் வாசலில் இருந்த காவலாளி. நல்லா இருந்துச்சுப்பா என்றேன். வேறு என்ன சொல்ல?

கொஞ்ச நேரத்தில் மகள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

“ஏட்டி, வீட்ல வச்சுக் கேட்டிருக்கக் கூடாதா?” என்றேன். திட்டுவதாகத்தான் நினைப்பு.

“கேட்டா, ஒண்ணுமில்லம்மான்னுதான சொல்லுவீங்க.”

வாஸ்தவம். அப்படித்தான் சொல்லியிருப்பேன். அரங்கத்தில் எல்லோரும் அந்த முடிவைத்தான் பாராட்டுகிறார்கள், ஆனால் அது முடிவே இல்லை, கதவுக்குப் பின்னால் நடப்பது தனக்குத் தெரியாததால் விளக்கை அணைத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “உள்ள நீங்க என்னப்பா பண்ணுவீங்க?”

பெற்ற பிள்ளையிடம் எந்த அப்பன் இதைச் சொல்லுவான்? “அழுவேம்மா” என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “அழறது மட்டும்தானாப்பா? வேற ஒண்ணும் இல்லையே?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அழுகையைக் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை. உள்ளே அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கத்தான் நின்றிருக்கிறாள். காலேஜ் போகிற வயதில், ஒவ்வொரு காலையும், அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் பிள்ளை பஸ் பிடிக்க ஓடியிருக்கிறாள். நான் யாருக்கும் தெரியாமல் சுமக்கிறேன் என்று நினைத்தேன். பாதிச் சுமையை அவள் தலையில் ஏற்றிவைத்திருந்தது எனக்குத் தெரியாமல் போனது. வேற ஒண்ணும் இல்லம்மா என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. அது முழு உண்மை இல்லை என்று எனக்கே தெரியும்.

இப்போது மனநல மருத்துவரிடம் போகிறேன், மனைவியும் கூட வருகிறாள். மாத்திரை சாப்பிடுகிறேன். தேறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். விடிந்துவிட்டதே என்கிற அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மகளுக்குப் பெங்களூரில் வேலை. தினமும் காலையில் போன் வரும். நான் ஹலோ சொன்னதும், “சும்மாதான்ப்பா” என்று வைத்துவிடுவாள். என் நோய்க்கு மருந்து உண்டு என்கிறார் டாக்டர். கதவில் காதை வைத்தபடியே வளர்ந்துவிட்ட பிள்ளையை, போதும்மா, காதை எடு என்று எப்படி நம்பவைப்பது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.