துடைத்த பக்கம்

எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக் கடைசி வருடத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை ரிங்லெட் டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சும்மா திரிந்த நேரம். சும்மா என்றும் சொல்ல முடியாது. டவுனில் மூடப்போன ஒரு கடையிலிருந்து ரெக்கார்டு பிளேயர் கைக்கு வந்திருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், யாரும் கேட்காமல் கிடந்த இசைத்தட்டுகளைத் தேடிக் கொண்டுவந்து துடைத்துப் பாடவைத்து, கேசட்டில் பதிந்துகொண்டிருந்தேன். 'தட்டுப் பைத்தியம்' என்றே எனக்குப் பெயர்.

ஒரு மழை நாள் பகலில் தோட்டத்து லோரி ஓட்டும் அண்ணன் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைக்குள்ளிருந்து, துணி சுற்றிய கனமான கறுப்புத் தட்டு ஒன்றை எடுத்தார். மலைக் குளிரில் இரண்டு பக்கமும் பூசணம் பூத்திருந்தது.

"எங்கக்கா பாடினது தம்பி. சிங்கப்பூர்ல பதிஞ்சாங்க. ஒரு பக்கம் தனியா பாடும். இன்னொரு பக்கத்துல ஜால்ரா நான்தான், ஒம்பது வயசு. அடுத்த வருசமே அக்கா போயிருச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான். நம்ம வீட்டுல என்னிக்கு மெஷின் இருந்துச்சு, கேக்கறதுக்கு?"

வழக்கம்போல ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். "அஞ்சே நிமிசம் அண்ணே, கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்."

"மெதுவாலா. லோரி கழுவற மாதிரி கழுவிடாத."

ஜால்ரா இருந்த பக்கத்தைத்தான் முதலில் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. எவ்வளவு அழுக்கு என்று பெருமையாகக் காட்டினேன். அடுத்த பஞ்சும் கறுப்பானது. விரல் பிசுபிசுத்தபோதுதான் கையை எடுத்தேன். அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கில் செய்தவை, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பாட்டைத்தான் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. காயும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தை வெறும் துணியால் ஒற்றிவிட்டு, கேசட் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். பூசணத்துக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்து வந்தது. அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"இப்ப அந்தப் பக்கம் போடு."

"அண்ணே, அது போயிருச்சு."

"போடுலா."

போட்டேன், ரெக்கார்டரை நிறுத்தாமலே. தகரக் கூரையில் மழை அடிப்பதுபோல வெறும் இரைச்சல். அவர் உட்கார்ந்து, என் பிஸ்கட் டின்னை மடியில் வைத்து நகத்தால் தாளம் தட்ட ஆரம்பித்தார். கண் மூடியிருந்தது. கேட்காத அந்தப் பாட்டுக்கு நடுவே நிறுத்தினார், காத்திருந்தார், மறுபடி பிடித்தார்.

நடுவில் ஒட்டியிருந்த தாள் நனைந்துவிடக் கூடாதென்று, அதை ஒட்டிய கடைசிச் சுற்றுகளை மட்டும் நான் துடைக்காமல் விட்டிருந்தேன். முள் அங்கே வந்ததும் இரைச்சல் விலகி, அக்காவின் குரல் வந்தது. கூடவே ஜால்ரா. ஜால்ராவும் டின்னும் ஒரே அடியாக விழுந்தன. இரண்டே வரி. தட்டு முடிந்துவிட்டது.

"சரியாத்தான்டா அடிச்சிருக்கேன்," என்றார். "தப்பு தப்புன்னு தலையில கொட்டிக்கிட்டே இருக்கும் அக்கா."

அந்தக் கேசட்டின் பிரதியொன்று என்னிடம் இருக்கிறது. இன்றும் யார் வீட்டுத் தட்டையாவது துடைக்கப் போனால், காதுக்குள் அந்த டின் தட்டும் சத்தம் முடியும்வரை என் கை அசைவதில்லை.