கோசோங் என்று கத்திய மேனேஜர்

லிஃப்ட் கதவு மூடுகிற நேரத்தில் ஓர் இளைஞன் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான். கணுக்காலில் துணிக்கட்டு. கட்டுக்குள்ளிருந்து தைல வாசனை. கற்பூரமும் எரிச்சலும் கலந்த வாசனை. அதோடு, அங்கே இல்லாத ஈரப்புல்லின் வாசனையையும் என் மூக்கு தானாகவே சேர்த்துக்கொண்டது. நான் இறங்க வேண்டிய மாடி வந்தது, போனது. உச்சி மாடி வரைக்கும் போய், யாருமில்லாத லிஃப்டில் தனியாகக் கீழே வந்தேன். வரும்போது மறுபடியும் ஒரு காற்பந்துக் குழுவின் மேனேஜராக இருந்தேன்.

சிரிக்க வேண்டாம். ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு திடல். திடல் என்பது அதற்குக் கொஞ்சம் அதிகமான மரியாதை. பாதி புல், பாதி சேறு. இரண்டும் நடுக்கோட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். எண்பதுகளில் எங்கள் குழு அங்கேதான் ஆடியது. நான் இடது ஓரத்தில் ஓடுகிறவன். ஓடுகிறவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் ஓட்டத்தில் பந்து பெரும்பாலும் கலந்துகொண்டதில்லை. எப்போதாவது அது காலடிக்கு வந்துவிட்டால் அதன் உருண்டையை, மேலே ஒட்டியிருந்த ஒற்றைப் புல்லை, ஒரு கணம் பார்ப்பேன். பார்த்து முடிப்பதற்குள் எதிராளி எடுத்துப் போயிருப்பான்.

பழைய மேனேஜர் கல்யாணம் ஆகி டெங்கிலுக்குக் குடிபோனார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். என் தகுதியைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இடது ஓரத்தை என்னிடமிருந்து காப்பாற்ற அதைவிட நாகரிகமான வழி அவர்களுக்குத் தெரியவில்லை என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு உறைத்தது.

"நீதான் நெறைய படிக்கிறே. வெளிய நின்னு யோசி லா, தம்பி," என்றார் சுங்கை வேயிலிருந்து வரும் லோரிக்கார அண்ணன். எங்கள் தற்காப்பின் நடுவில் நிற்பவர். அவர் மேல் மோதியவர்கள் நடுவரிடம் புகார் சொல்வதில்லை; உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள்.

கோல் கம்பத்தில் நின்றவன் என் வயதுக்காரன், பக்கத்து வரிசை வீட்டுக்காரன், அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. நெடிய கை, நெடிய கால், அவற்றைவிட நெடிய பொறுமை. அவன் நின்ற ஆட்டம் ஒன்றுகூட கோல் வாங்காமல் முடிந்ததில்லை. குற்றம் அவனுடையதல்ல, எங்கள் ஆட்ட பாணியுடையது. பந்து எங்கேயோ பத்துப் பேரும் அங்கே, கோழிக்கு அரிசி எறிந்ததைப் போல. பந்து பறிபோனால் எதிரணிக்காரன் தன்னந்தனியாக அவனை நோக்கி வருவான். நாங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி, கோல் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

கிள்ளானில் ஆடப் போனால் கயிற்றுக்கு வெளியே நின்று கத்துவார்கள். "ஏய், டோல் இல்லாத ரோடு! யாரு வேணா போலாம் லா!"

அவன் சிரித்துக்கொண்டே போய்ப் பந்தைப் பொறுக்கி வருவான்.

ஒரு சாயங்காலம் தண்ணிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் வழக்கம்போல் பால் ஊற்றாத தே ஓ கோசோங் சொன்னான். எங்கள் வாயில் இந்த ஒரு மலாய்ச் சொல் மூன்று வேலை பார்க்கும். தேநீரில் சீனி இல்லை என்றாலும் கோசோங். வீடு காலியாகக் கிடந்தாலும் கோசோங். காற்பந்தில் கோல் கணக்கு பூஜ்யம் என்றாலும் கோசோங்.

கடைக்காரர் குவளையை அவன் முன்னால் வைத்தார். "குடிப்பா, குடி. ஒனக்குக் கெடைக்கிற ஒரே கோசோங் இதான்."

கடையே சிரித்தது. நானும்தான். அவன் சிரிக்கவில்லை. ஆவி அடங்கும்வரை குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடல் தாண்டி சபாவுக்கு மாத்திட்டாங்க மச்சான். லீக் முடிஞ்ச கையோட போவணும்."

என் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"போறதுக்குள்ள ஒரு மேட்ச்," என்றான். "ஒரே ஒரு மேட்ச், கோல் வாங்காம நின்னுடணும். ஜெயிக்கக்கூட வேணாம். டோல் இல்லாத ரோடுங்கற பேரோட ஃப்ளைட் ஏறக்கூடாது."

"நான் பாத்துக்கறேன்," என்றேன், தொலைக்காட்சியில் வரும் மேனேஜர்களின் குரலில். கையைக் கட்டிக்கொண்டு வேறு.

எனக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது, அதுதான் கேடு. ஏதோ ஓர் ஐரோப்பியக் குழுவின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். அவர்கள் பந்தை ஆளுக்கு அனுப்பவில்லை. ஆளில்லாத இடத்துக்கு அனுப்பினார்கள். ஆள் பிறகு வந்து சேர்ந்தான், மழைக்குப் பிறகு வந்து சேரும் வெயிலைப் போல. (இப்படியெல்லாம்தான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் முழுதாகக் குணமாகவில்லை.) பந்து நம்மிடமே சுற்றிக்கொண்டிருந்தால் எதிரணி எப்படிக் கோல் போடும்? ஆக, வெற்றிடத்தில் ஆடினால் நண்பனுக்கு வேண்டியது தானாகக் கிடைத்துவிடும். கணக்கு அழகாக இருந்தது. கணக்கு அழகாக வந்தால் நான் சரிபார்ப்பதில்லை.

முதல் பயிற்சியில் எல்லோருடைய சிலிப்பரையும் வாங்கிப் புல்லில் அடுக்கி, வியூகத்தை விளக்கினேன். நடுவில் ஒரு தெருநாய் வந்து இடது ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் விடாமல் பேசினேன். "வெற்றிடத்தை நோக்கி நகருங்கள். வெற்றிடமே உங்கள் தோழன்." இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராக வந்து அவரவர் சிலிப்பரைக் காலில் மாட்டிக்கொண்டார்கள். என் வியூகம் என் கண் முன்னாலேயே வீட்டுக்கு நடந்து போனது.

"வெற்றிடம்னா என்னா தம்பி? வெத்தலை மாதிரியா?" என்றார் லோரிக்கார அண்ணன்.

மேலும், குழுவில் எல்லோரும் தமிழர்கள் இல்லை. வலது ஓரத்தில் ஆடியவர் ஒரு மலாய் நண்பர். நடுக்களத்தில் ஒரு சீனப் பையன். களத்தில் நான் கத்தும் சொல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தேன். ஆட்டத்தன்று காலையில் அறிவித்தேன்: "நான் கோசோங்னு கத்தினா, என்ன செய்யணும்னு ஒங்களுக்கே தெரியும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டியதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும்.

அன்றைய ஆட்டம் அம்பாங்கில். தொடக்கத்திலேயே எதிரணியின் இடது பக்கம் அகலமாகத் திறந்து கிடந்தது; ஒரு பாட்டையே எழுதி வைக்கலாம், அத்தனை காலி. "கோசோங்!" என்று கத்தினேன். எங்கள் ஆட்கள் திடுக்கிட்டுப் பின்னால் ஓடினார்கள். மறுபடி கத்தினேன். இன்னும் பின்னால் போனார்கள். "கோசோங்! கோசோங்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தக் கத்த, ஒன்பது பேரும் கோல் கம்பத்தின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி நின்றார்கள். வந்த பந்தையெல்லாம் எங்கேயோ உதைத்தார்கள். மலாய் நண்பர் மட்டும் தூரத்தில், எதிரணியின் பாதியில், நான் சொன்ன அந்தக் காலி இடத்தில் சரியாகப் போய் நின்று, ஆட்டம் முடியும்வரை தன்னந்தனியாகக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கோலில் தோற்றோம். ஐந்தாறு வாங்கிப் பழகிய குழு அது.

லோரிக்கார அண்ணனைத் தனியாக இழுத்தேன். "அண்ணே, நான் கோசோங்னு கத்தினேன். ஏன் பின்னாடி போனீங்க?"

"நீதானப்பா சொன்னே. கோசோங்! கோல் விடாதே, கோசோங்லயே வெச்சிருன்னு."

"காலி இடத்துக்கு ஓடுங்கன்னு அர்த்தம் அண்ணே!"

தைலத்தை முழங்காலில் தேய்த்தபடி யோசித்தார். "அப்ப காலி எடம்னே சொல்லியிருக்கலாமே?"

அதற்குள் அம்பாங் குழுவின் மேனேஜர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னா டாக்டிக்ஸ் பாஸ்! முன்னால ஒரே ஆள நிறுத்தி எங்க டிபென்ஸ கட்டிப் போட்டுட்டீங்க. எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"கொஞ்சம் வாசிப்பு," என்றேன். "கொஞ்சம் அனுபவம்."

அன்று சாயங்காலமே தவறைத் திருத்திவிடுவதாக நண்பனிடம் சொன்னேன். வேறு சொல் கண்டுபிடித்துவிட்டேன், அடுத்த ஆட்டத்தில் பார், ஆறு மாதிரி ஓடப் போகிறோம் என்றேன்.

அவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "மச்சான், ஒன் கால்ல விழறேன். ஆறும் வேணாம், கொளமும் வேணாம். இப்பிடியே விடு. இன்னிக்கு ஒண்ணுதான் வாங்கினேன், பாத்தியா?"

என் வெற்றிடத்தை மடித்துப் பையில் வைத்தேன். அன்று முதல் நான் கோசோங் என்று கத்தியது அவர்கள் புரிந்துகொண்ட அர்த்தத்தில்தான். எங்கள் ஆட்டம் தலைகீழாக மாறியது. அரிசிக்கு ஓடிய கோழிகள் மதிலாகிவிட்டன. அம்பாங் மேனேஜர் புகழ்ந்துவிட்டாரே என்று மலாய் நண்பரை மட்டும் முன்னாலேயே நிறுத்திவைத்தேன். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். கச்சான் கடலை விற்பவர்கூட வேறு திடலுக்குப் போய்விட்டார். ஆனால் எதிரணிகள் எங்களைக் கண்டு எரிச்சலடைந்தன, அது எங்களுக்குப் புதிய மரியாதை. கைக்கெட்டிய கோசோங் ஒவ்வொரு முறையும் வாய்க்கெட்டவில்லை, அதுதான் வேதனை. ஒருமுறை பெனால்டி. ஒருமுறை லோரிக்கார அண்ணனின் முழங்காலில் பட்டே பந்து உள்ளே போனது. நண்பன் வழக்கம்போல் போய்ப் பந்தைப் பொறுக்கி வந்தான். அண்ணன்தான் வீட்டுக்குப் போகும்வரை முழங்காலைத் திட்டிக்கொண்டே போனார்.

கடைசி ஆட்டம் கிள்ளானில். அவனுடைய பெட்டி ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டிருந்தது.

மழை தூறியது. "டோல் இல்லாத ரோடு!" என்று தொடங்கியவர்கள் இடைவேளைக்குள் களைத்துப்போனார்கள். மதில் அசையவில்லை. ஒன்பது முதுகுகளுக்குப் பின்னால் அவனுடைய தலை மட்டும் அவ்வப்போது தெரிந்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பூஜ்யம், பூஜ்யம். நான் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும். மேனேஜர் வேலையிலேயே எளிதான பகுதி அது.

அப்போது லோரிக்கார அண்ணன் உதைத்த பந்து, காற்றில் வளைந்து, நடுக்கோட்டைத் தாண்டி, வாரக்கணக்கில் தனியாக நின்றிருந்த மலாய் நண்பரின் காலில் போய் விழுந்தது. அவர் முன்னால் திடல் முழுக்கக் காலி. ஈரப்புல் மின்னியது. ஓடினார். ஐயோ, அந்த ஓட்டம். ஆளில்லாத இடத்தில் முதலில் பந்து, பின்னால் மனிதன். நான் கனவு கண்டதெல்லாம் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"போங்க! எல்லாரும் போங்க!"

கூண்டைத் திறந்துவிட்டது போல ஒன்பது பேரும் பாய்ந்தார்கள். லோரிக்கார அண்ணன் எல்லோருக்கும் முன்னால். காலடிச் சத்தம் கேட்ட மலாய் நண்பர் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் யாருமே வராத இடத்துக்கு மொத்தக் குழுவும் வருவதைப் பார்த்த ஆச்சரியத்தில் பந்தை மறந்தார். எதிரணிக்காரன் ஒருவன் அதை எடுத்து நீளமாக உதைத்தான்.

அவர்களுடைய தாக்குதல்காரன் தனியாக நின்றிருந்தான். எங்கள் பாதியில் அவனும், மழையும், என் நண்பனும்.

நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், ரொம்பத் தாமதமாக. நண்பன் கோல் கோட்டைத் தாண்டி வெளியே வந்தான். ஓடவில்லை, நடந்தான். பிறகு திடீரென்று அந்த நெடிய உடம்பை முழுக்க விரித்துச் சேற்றில் சாய்ந்தான். பந்து அவன் நெஞ்சில் மோதிய சத்தம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. பந்தைக் கட்டிக்கொண்டு சுருண்டான். நடுவர் கடைசி விசில் ஊதினார்.

கயிற்றுக்கு வெளியே யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். கிள்ளான்காரர்கள்தான்.

சுபாங் விமான நிலையத்துக்கு வழியனுப்ப நான் மட்டும் போனேன். ஒரு மன்னிப்பும் ஒரு பெருமையும் தயாராக வைத்திருந்தேன். எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. "எப்பிடியோ, நம்ம டாக்டிக்ஸ் கடைசில..." என்று இழுத்தேன்.

"உண்மைய சொல்லவா?" என்றான். "அத்தனை மேட்ச்லயும் எனக்குத் தெரிஞ்சது ஒம்பது முதுகுதான். பந்து எங்க இருக்குன்னே தெரியாது. கிள்ளான்ல எல்லாத்தையும் தொரத்தி விட்டே பாரு, அப்பதான் மொத்தத் திடலும் தெரிஞ்சுது. எதுக்க ஒருத்தன் வரான். இந்தப் பக்கம் நான் மட்டும். பயமா இருந்துச்சு மச்சான். நல்லாவும் இருந்துச்சு."

அறிவிப்பு கேட்டது. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

"அங்க ஏதாச்சும் டீம்ல கேட்டா என்னன்னு சொல்லுவே?" என்றேன்.

"கீப்பர்னு சொல்லுவேன். வேற என்னா?"

"மேனேஜர் யாருன்னு கேட்டா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"கடைசி நேரத்துல வாய மூடத் தெரியாத ஒருத்தன்னு சொல்லிக்கறேன். வரேன் மச்சான்."